கணவாயிற் காவல்

கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்கு இறங்கும் பெருவழியிலே கலகெதர என்னும் ஊர் இருக்கிறது. சிங்களத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தாற் கல்வீடு என்று பொருள்படும். இன்று பேருந்துகள் நின்று செல்லும் சிறு பட்டினமாகத் தோன்றும் இவ்விடம் ஒரு காலத்திற் கண்டி இராச்சியத்தின் வாயில்களில் ஒன்றாக விளங்கியது. 1803ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கண்டியை நோக்கி ஏறியபொழுது, கலகெதரவிலும் அயலிலுள்ள கிரிஹாகமவிலும் இருந்த காவலரண்களைக் கைப்பற்றிய பின்பே மேலே செல்ல அதற்கு வழி கிடைத்தது.

கண்டி மன்னர் காலத்தில் இத்தகைய வழிகளிலே கடவத்தைகள் இருந்தன. முள்ளாற் செய்த படலைகள் அவற்றை அடைத்து நின்றன. 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் என்பவர், 1681இல் வெளிவந்த தமது நூலிலே இக்காவலின் முறையை விவரித்திருக்கிறார். அரசனின் நகரிலிருந்து இறங்கிச் செல்வோருக்குக் களிமண்ணிற் பதித்த முத்திரை வழங்கப்படும். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனிதனின் உருவம். சுமையாளுக்குத் தண்டின் இரு முனையிலும் பை தொங்க நடப்பவனின் உருவம். வெள்ளையனுக்கு இடையிலே வாளும் தலையிலே தொப்பியும் உடையவனின் உருவம். ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் உளரோ அத்தனை பதிவுகள் அந்த மண்ணில் இருத்தல் வேண்டும். காவலன் ஆளை எண்ணுவான், பதிவை எண்ணுவான், இரண்டும் ஒத்தாற் படலை திறக்கும். எழுத்தறியாத காவலனும் பிழையின்றிச் செய்யத்தக்க சோதனை அது.

இன்றைய கணினித் தொழிலிலும் இதனையொத்த கணவாய் ஒன்று உண்டு. அதனைக் காக்கும் காவலனை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

ஒரு மென்பொருளை ஒருவரே எழுதி முடிப்பது அரிது. ஐந்து பேரோ ஐந்நூறு பேரோ பகுதி பகுதியாக எழுதுகின்றனர். ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு பொருந்துகிறதா என்பதை மாத முடிவிற் பார்த்தால், பிழை எங்கே புகுந்தது என்று தேடுவதிலேயே அடுத்த மாதமும் கழிந்துவிடும். ஆகையால் ஒவ்வொருவரும் தாம் எழுதியதை நாளுக்குப் பலமுறை பொதுக் களஞ்சியத்திற் சேர்ப்பர். சேர்க்குந்தோறும் முழுவதையும் மீளக் கட்டிச் சோதித்துப் பார்ப்பது ஓர் இயந்திரத்தின் கடமை. இம்முறையைத் தொடர் ஒருங்கிணைப்பு என்பர். கட்டிச் சோதிக்கும் அந்தக் கணினிக்குத் துறையினர் இட்ட பெயர் பில்ட் ஏஜெண்ட். தமிழிற் சொன்னாற் கட்டுமான முகவர். வேலையைப் பங்கிட்டு அனுப்பி, முடிவைக் கேட்டுப் பதிந்துவைக்கும் தலைமைக் கணினி வேறு. வேலையைச் செய்யும் ஏஜெண்ட் வேறு.

ஜாவா மொழியில் எழுதுவோரிடையே இம்முறை பரவியதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 2004ஆம் ஆண்டிலே, ஜாவாவைத் தோற்றுவித்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய கொசுகே கவகுச்சி என்னும் ஜப்பானியர், தாம் சேர்க்கும் நிரலாற் கூட்டு வேலை முறிந்து, சக ஊழியரின் கோபத்துக்கு ஆளாகி வந்தாராம். தவறு செய்யாதிருப்பது தம்மால் ஆகாது என்று கண்டுகொண்ட அவர், தவறு பிறர் கண்ணிற் படுமுன் தமக்கு அறிவிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டார். அதுவே ஹட்சன். சன் நிறுவனம் 2010இல் ஒராக்கிள் வசமான பின்னர் எழுந்த பெயர்த் தகராறினால், 2011இல் ஜென்கின்ஸ் என்ற புதுப் பெயரை அது பெற்றது. வேலை செய்யும் கணினியை முதலில் அடிமை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் வழங்கி வந்தனர். 2016இல் அதனைக் கைவிட்டு ஏஜெண்ட் என்றனர். நல்ல மாற்றமே, ஏனெனில் அது சொன்னதைச் செய்யும் அடிமையன்று, கண்டதைச் சொல்லும் சாட்சி.

இஃது எங்கோ கடல் கடந்த நாட்டுச் செய்தியன்று. இலங்கையின் மென்பொருட் புகழ் பெரும்பாலும் ஜாவாவின்மேல் எழுந்தது. 2003இல் லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் அமைந்தது. இந்நாட்டுப் பொறியியலாளர் பெரும்பங்கு கொண்டு உருவாக்கிய அப்பாச்சி ஆக்ஸிஸ் 2 என்னும் ஜாவா மென்பொருளின் 1.0 பதிப்பு 2006இல் வெளிவந்தது. 2005இல் சஞ்ஜீவ வீரவரண, போல் பிரிமான்டில் ஆகியோர் தொடக்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம், தன் மென்பொருளின் மூலநிரல் முழுவதையும் உலகறியத் திறந்து வைத்தது. அத்திறந்த களஞ்சியங்கள் பலவற்றின் முகப்பிலே ஜென்கின்ஸ் காட்டும் நிலைச் சின்னம் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. கடைசியாகக் கட்டியது வென்றதா, தோற்றதா என்பதை வாடிக்கையாளரும் போட்டியாளரும் வேலை தேடும் மாணவரும் ஒருங்கே காணலாம். அந்தச் சிறு சின்னத்தின் மதிப்பு, அதன் பின்னாலிருந்து சோதித்த ஏஜெண்டின் நேர்மையளவே.

நேர்மை என்ற சொல்லை இயந்திரத்துக்குப் பயன்படுத்துவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கலகெதரவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஐந்து இளைஞர் கூடி, ஒரு வங்கிக்கோ வணிக நிலையத்துக்கோ ஜாவாவில் மென்பொருள் எழுதுகின்றனர் என்று கொள்க. அவர்களுள் ஒருத்தி தமிழ்ப் பெயர்களைச் சரிவரப் பதியும் பகுதியை எழுதுகிறாள். அவளுடைய கணினியிற் சோதனைகள் யாவும் வெல்கின்றன. களஞ்சியத்திற் சேர்த்ததும் ஏஜெண்ட் தோல்வி என்கிறது. திறந்து பார்த்தால், கந்தசாமி என்று இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

என்ன நடந்தது? 2022 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 18க்கு முற்பட்ட பதிப்புகளில், எழுத்துகளைக் கோப்பில் எந்தக் குறிமுறையில் எழுதுவது என்பதைச் சொல்லாது விட்டால், ஜாவா தான் இயங்கும் கணினியின் வழக்கத்தைக் கைக்கொள்ளும். அவளுடைய கணினி யூ.ரீ.எப். 8 என்னும் குறிமுறையை வழக்கமாக உடையது. அதிலே தமிழ் உண்டு. மேனாட்டு மொழிக்கு அமைத்த விண்டோஸ் கணினியின் வழக்கத்திலே தமிழுக்கு இடமில்லை. மொழி யாதெனக் குறிப்பிடாது ஒடுக்கமாகச் செய்யப்பட்ட லினக்ஸ் கொள்கலனோ வெறும் ஆங்கில எழுத்தை மாத்திரம் அறியும். அறியாத எழுத்தைக் கண்டவிடத்து ஜாவா கூச்சலிடுவதில்லை. கேள்விக்குறி ஒன்றை இட்டுவிட்டுச் சும்மா போய்விடும். மேவன் என்னும் கட்டுமானக் கருவி, குறிமுறை சொல்லப்படாத இடத்திலே, இக்கட்டுமானம் இயந்திரத்தைப் பொறுத்து மாறும் என எச்சரிக்கை ஒன்றை அச்சிடும். அவ்வெச்சரிக்கையை வாசிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இங்கே ஏஜெண்ட் தோல்வி சொன்னது நன்மையே. இதன் மறுதலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏஜெண்டிலே தமிழ் வெல்ல, வாடிக்கையாளரின் கணினியிலே தமிழ் கேள்விக்குறியாக மாறினால், பிழையை முதலிற் காண்பவர் வங்கியின் கருமபீடத்திலே நிற்கும் கந்தசாமியாகத்தான் இருப்பார். ஆதலால் ஏஜெண்டைத் தெரிவோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, அது எவ்வளவு விரைவானது என்பதன்று. மென்பொருள் இறுதியில் வாழப்போகும் கணினியை அது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே. இயங்குதளம் ஒன்றா? ஜாவாவின் பதிப்பு ஒன்றா? 17ஆம் பதிப்பில் ஓடப்போவதை 21ஆம் பதிப்பிற் சோதித்துப் பெற்ற வெற்றி அரை வெற்றியே. கோப்புப் பெயரிலே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். இதனால் விழுந்த கட்டுமானங்களுக்குக் கணக்கில்லை.

நேரத்தின் கதை இன்னும் நுட்பமானது. வாடகைக்குக் கிடைக்கும் ஏஜெண்டுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைக் காட்டுவன. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே செல்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இரவு விழித்து வேலை செய்யும் கலகெதர இளைஞர், நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்கு நிரலைச் சேர்க்கும்போது, அவர்களுக்கு நாள் மாறிவிட்டது; ஏஜெண்டுக்கு மாறவில்லை. இன்றைய திகதியை ஓரிடத்திற் கொழும்பு நேரத்தாலும் வேறோரிடத்தில் இயந்திர நேரத்தாலும் கணக்கிட்ட நிரல் அவ்வேளையில் விழும். காலை ஏழு மணிக்கு அதே நிரலை மீள ஓட்டினால் வெல்லும். இரவில் நிகழ்ந்ததை ஏஜெண்டின் கோளாறு என்று ஒதுக்கி, மீண்டும் ஓட்டு என்ற பொத்தானை அழுத்திப் பழகிய குழுவினர், உண்மையான பிழை வரும்போதும் அதே பொத்தானைத்தான் அழுத்துவர். காவலனின் சொல்லை மதியாத பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்நாட்டிலே நேரமும் ஒரே நிலையில் நின்றதில்லை. மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதத்திற் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15இல் மறுபடியும் ஐந்தரை மணிக் கணக்குக்கே திரும்பியது. இவ்வரலாறு முழுவதையும் ஜாவா தன்னுள்ளே ஓர் அட்டவணையாகச் சுமந்து செல்கிறது. பிற நாடுகள் இப்பொழுதும் நேரத்தை மாற்றி வருவதால், அட்டவணை பழையதாகிவிட்ட ஜாவாவை வைத்திருக்கும் ஏஜெண்ட், கேட்போருக்கு உறுதியான குரலிற் பிழையான நேரத்தைச் சொல்லும். ஏஜெண்டைப் பொது நேரத்திலேயே விட்டு, நிரலில் நேர வலயத்தை வெளிப்படையாக எழுதுவதே சிறந்தது. ஏஜெண்டைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றிப் பிழையை மறைப்பது, காய்ச்சலுக்கு மருந்து கொடாது வெப்பமானியை உடைப்பது போன்றது.

இனி நினைவகம். ஏஜெண்ட் வாங்குவோர் செயலியின் வேகத்தைக் கேட்கின்றனர். ஜாவாவைப் பொறுத்தவரை முதலிற் கேட்கவேண்டியது நினைவகம். வேறு கட்டளை இல்லையெனில், கணினியின் நினைவகத்தில் நாலில் ஒரு பங்கு வரை தனக்கு உரியது என ஜாவா எடுத்துக்கொள்ளும். மேவன் கட்டும்போது தானே ஒரு ஜாவாவாக இயங்குகிறது. சோதனைகளை ஓட்டுவதற்கு இன்னொரு ஜாவாவைப் பிறப்பிக்கிறது. சோதனைக்காகத் தரவுத்தளம் ஒன்றையும் அருகில் இயக்கினால் அதன் பங்கு வேறு. இவற்றைக் கூட்டிப் பாராது 4 கிகாபைட் கணினியை வாங்கியவர் பிறகு வருந்துவர்.

டொக்கர் முதலிய கொள்கலன்கள் வந்த தொடக்கத்திலே இதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. 64 கிகாபைட் கொண்ட பெருங்கணினியிலே 2 கிகாபைட் எல்லையிட்டுக் கொள்கலன் ஒன்றை அமைப்பர். அக்கால ஜாவாவுக்கு அந்த எல்லை தெரியாது. வீட்டுக்காரனின் 64ஐயே கண்டு, 16 கிகாபைட் தனக்குண்டு என்று எண்ணி வளரும். 2ஐத் தாண்டியதும் இயங்குதளம் அதனைக் கொன்றுவிடும். பதிவேட்டில் எஞ்சுவது 137 என்னும் ஓர் எண் மாத்திரமே. 2018இல் வெளிவந்த ஜாவா 10உம், அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த ஜாவா 8இன் 191ஆம் திருத்தமும் இக்குறையை நீக்கின. ஆயினும் அதற்கு முந்திய ஜாவாவை இன்னும் வைத்திருக்கும் பழைய நிறுவனங்கள் உண்டு. அவற்றுக்கு வேலை செய்வோர் 137ஐக் கண்டால் நிரலைத் தேடிக் களைக்கவேண்டியதில்லை.

செயலியைப் பற்றியும் வட்டைப் பற்றியும் அதிகம் சொல்வதற்கில்லை. ஜாவாக் கட்டுமானம் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்து மூடுவதால், சுழலும் பழைய வட்டு ஆகாது. செயலிக் கருக்கள் பல இருந்தாலும், சோதனைகள் ஒன்றையொன்று இடறாது ஓடும்படி எழுதப்பட்டிராவிடின் அவை சும்மா கிடக்கும்.

சொந்தக் கணினியா, வாடகைக் கணினியா என்னும் கேள்வியே குழுவினரை இரவெல்லாம் வாதாட வைப்பது. கலகெதரக் குழுவின் கணக்கையே எடுத்துக்கொள்க. ஐவரும் நாளுக்கு ஆறு முறை நிரல் சேர்க்கின்றனர். ஒரு கட்டுமானம் 20 நிமிடம். நாளுக்கு 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். மாதத்தில் 22 நாள் வேலையெனில் 220 மணி. மாதத்துக்கு 720 மணி நேரம் உண்டு. ஆகவே சொந்தக் கணினி பத்திலே ஏழு பங்கு நேரம் உறங்கிக் கிடக்கும். மாலை ஐந்து மணிக்கோ ஐவரும் ஒருங்கே சேர்ப்பர். ஒரே ஏஜெண்ட் இருந்தால் ஐந்தாமவர் தம் முறை வருவதற்கு 80 நிமிடம் காத்திருப்பார். காத்திருக்கும் மனிதனின் சம்பளத்தையும் கணக்கிற் சேர்த்தால், சிக்கனமாகத் தோன்றிய ஒற்றைக் கணினி சிக்கனமன்று. நிமிடக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஏஜெண்டுகள் ஐந்தை மாலையிலே இருபது நிமிடத்துக்கு எடுத்து விட்டுவிடுதல் இங்கே பொருத்தம். பிறர் கேட்கும்போது இரண்டு நிமிட முன்னறிவிப்பிற் பறித்துக்கொள்ளும் நிபந்தனையோடு, மிகக் குறைந்த விலைக்கும் அமேசன் முதலியோர் கணினியை வாடகைக்கு விடுகின்றனர். பறிக்கப்பட்டால் அந்தக் கட்டுமானத்தை வேறோர் ஏஜெண்டிலே தொடக்கத்திலிருந்து ஓட்டினாற் போதும்; கெடுவது ஒன்றுமில்லை.

ஆனால் வாடகை டொலரிற் கொடுக்கவேண்டியது. இதனை இலங்கையர் 2022ஆம் ஆண்டிலே நன்கு கற்றனர். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அணுகியது. 100 டொலர் வாடகை, ஓர் ஏஜெண்டும் கூடாமல், ஒரு நிமிடமும் மிகாமல், 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாயிற்று. சொந்தக் கணினி வைத்திருந்தோர் அன்று தம்மை மெச்சிக்கொண்டிருப்பர் என்று நினைத்தால், அதுவும் இல்லை. அதே மார்ச் மாதத்தின் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மேசையின்கீழ் வைக்கும் மின்கலப் பெட்டி சில நிமிடங்களுக்கு உதவும். 13 மணிக்கு அது என்ன செய்யும்? அதன்பின் நிலைமை சீரடைந்தது. ஆயினும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததாற் நாடு முழுவதும் இருண்டது என அமைச்சரே அறிவித்தார். ஏஜெண்டைத் தெரிவோர் குரங்கையும் கணக்கிற் சேர்க்கவேண்டிய நாடு இது.

ஆகவே இரண்டில் ஒன்று என்று பிடிவாதமாக நிற்பது பேதைமை. எது நின்றாலும் பொறுக்கலாம், எது நிற்கலாகாது என்று பகுத்துப் பார்த்தல் வேண்டும். ஏஜெண்ட் நடுவில் இறந்தால் வேறொன்று அவ்வேலையை மீளச் செய்யும். தலைமைக் கணினி இறந்தால், வரிசையும் பதிவேடும் கைவிட்டுப் போகும். எனவே தலைமைக் கணினியை மின்வெட்டில்லா இடத்திலே வாடகைக்கு வைத்து, கலகெதர வீட்டுக் கணினியை ஏஜெண்டுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டு இணைப்புக்கு வெளியிலிருந்து வர வழியில்லையே என்று அஞ்சவேண்டியதில்லை. ஏஜெண்ட் தானே வெளிச்சென்று தலைமையோடு தொடர்பு கொள்ளும் முறை ஜென்கின்ஸில் உண்டு. மின்சாரம் இருக்கும்போது அது வந்து வேலை கேட்கும். இல்லாதபோது வாடகை ஏஜெண்டுகள் அதன் பங்கையும் செய்யும்.

வீட்டுக் கணினிக்கு ஒரு குணமும் அதனோடு ஒட்டிய ஒரு குற்றமும் உண்டு. ஜாவாக் கட்டுமானத்துக்கு வேண்டிய துணைநூலகங்களை மேவன் ஒருமுறை இணையத்திலிருந்து இறக்கித் தன் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். நாள்தோறும் அதே கணினி வேலை செய்தால் அவை ஆயத்தமாக இருக்கும், வேலை விரையும். வாடகை ஏஜெண்ட் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு பிறப்பதால் எல்லாவற்றையும் மீள இறக்கவேண்டும். இது குணம். குற்றமோ, மாதங்கள் செல்லச் செல்ல அந்தச் சேமிப்பில் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. என்றோ ஒருவர் கையால் இட்ட நூலகம் ஒன்று அங்கே கிடக்கும். அது உலகில் வேறெந்தக் களஞ்சியத்திலும் இல்லை என்பதை அறியாமல், அக்கணினி வெற்றி வெற்றி என்று சொல்லிக்கொண்டிருக்கும். அது பழுதாகிப் புதுக்கணினி வந்த அன்றுதான், ஆறு மாதமாக வென்ற கட்டுமானம் உண்மையிற் கட்டக்கூடியதே அன்று என்பது வெளிப்படும். நெக்ஸஸ் போன்ற இடைக்களஞ்சியம் ஒன்றை நிறுவி, ஏஜெண்ட் ஒவ்வொரு வேலைக்கும் எழுதிவைத்த குறிப்பின்படி புதிதாகப் பிறந்து, வேலை முடிந்ததும் அழியும்படி செய்தால், வேகத்திற் சிறிதே குன்றும். இந்த மயக்கம் தீரும். செல்லமாக வளர்த்த ஏஜெண்டைவிட, அழித்து ஆக்கத்தக்க ஏஜெண்ட் நம்பத்தக்கது.

நம்பிக்கை என்று வரும்போது 2020 டிசம்பரில் வெளிப்பட்ட ஒரு செய்தியை மறக்கலாகாது. அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் கட்டுமானக் கணினியிலே பகைவர் ஒரு சிறு நிரலை ஒளித்து வைத்திருந்தனர். ஓரியன் என்னும் மென்பொருள் கட்டப்படும் வேளையை அது பார்த்திருந்து, மூலக் கோப்பு ஒன்றை எடுத்துவிட்டு நச்சுக் கோப்பை அவ்விடத்தில் வைக்கும். கட்டி முடிந்ததும் பழையதை அதன் இடத்திலே வைத்துவிடும். களஞ்சியத்தைத் துருவிப் பார்த்தவர் கண்ணுக்கு ஒன்றும் தென்படாது. வெளிவந்த மென்பொருள் நிறுவனத்தின் உண்மையான முத்திரையையே தாங்கிச் சென்றது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர் அதனைப் பெற்றனர். அது ஜாவா மென்பொருளன்று; ஆயினும் வழி ஒன்றே. நொக்ஸ் தப்பியதும் சில்லறை வியாபாரியாக ஊரூராகத் திரிந்து, காவலர் கண்டு பழகிய கோலத்திலேதான். காவலனையே வசப்படுத்தியவனுக்கு முத்திரை ஒரு தடையன்று.

இதற்காகத்தான் தலைமைக் கணினியிலே கட்டுமான வேலை எதையும் ஓட்டலாகாது என ஜென்கின்ஸ் ஆக்கியோர் அறிவுறுத்துகின்றனர். இரகசியச் சாவிகள் அங்கே இருக்கின்றன. முகமறியாதோர் அனுப்பும் நிரலைத் திறந்த களஞ்சியத்திலிருந்து எடுத்து, வீட்டுக் கணினியிற் கட்டிப் பார்ப்பதும் ஆகாது. கட்டுவது என்பது அந்நிரலை ஓட விடுவதே. ஓட விட்ட நிரல் வீட்டு வலையமைப்பிலுள்ள யாவற்றையும் தொடக்கூடும்.

இங்கே கலகெதர வீட்டுக் கணினிக்கு எதிர்பாராத ஒரு பயன் பிறக்கிறது. ஜாவாவில் எழுதியது இறுதியில் ஜார் என்னும் ஒரு கோப்பாகத் திரள்கிறது. அக்கோப்பின் ஒவ்வோர் எழுத்தையும் கணக்கிட்டு, 64 குறிகள் கொண்ட ஒரு தொகையை வருவிக்கலாம். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் தொகை முற்றாக மாறும். பொதுவாக ஒரே நிரலை இரு முறை கட்டினால் இரு தொகைகளும் ஒத்திருப்பதில்லை. கட்டிய நேரம் கோப்பினுள் பதிவாவதே காரணம். அந்நேரத்தை ஒரு குறித்த நாளாக நிலைநிறுத்துதற்கு மேவனில் வழி உண்டு. அவ்வாறு செய்து, ஜாவாவின் பதிப்பையும் கருவிகளின் பதிப்பையும் ஒன்றாக்கினால், மும்பாயிலே வாடகைக்கு எடுத்த ஏஜெண்ட் கட்டிய ஜாரும், கலகெதர மேல்மாடியிலே வீட்டு ஏஜெண்ட் கட்டிய ஜாரும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்திருக்கவேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் வசப்படுத்தினாலன்றிப் பகைவன் நஞ்சைக் கடத்த முடியாது. ஆளையும் பதிவையும் எண்ணிய கடவத்தைக் காவலனின் சோதனை இதுவேயாகும்.

எனவே ஏஜெண்டுகளை இரண்டு தெரிவோர், ஒரே இடத்தில் ஒரே உடையவரிடத்தில் இரண்டை எடுத்தல் பயனற்றது. இடமும் உடைமையும் வேறாக, கருவிகளின் பதிப்பு மாத்திரம் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் இரு முறை கட்டவேண்டியதில்லை. வெளியே அனுப்பும் பதிப்புக்கு மாத்திரம், இரவிலே, மின்சாரம் உள்ள வேளை பார்த்துச் செய்தாற் போதும். தொகைகள் ஒத்தால் ஜார் வாடிக்கையாளரிடம் புறப்படுகிறது. ஒவ்வாவிடின் அது தலைமைக் கணினியிலேயே தங்கிவிடும். காலையிற் குழுவினர் வந்ததும் முதலில் எடுத்துப் பார்ப்பது, அன்றிரவு இரு ஏஜெண்டுகளிலும் இருந்த ஜாவாவின் பதிப்பு எண்ணை.